டயர் போட்ட யானை

மோட்டார் சைக்கிள் ஓடினால் குளக்கட்டு இறுகும் என்று நான் நம்பினேன்.

என் கணக்கை முழுதாகச் சொல்கிறேன், பிறகு சிரியுங்கள். கட்டுக்குப் புது மண் போட்டால் அதை உருளை கொண்டு அமத்த வேண்டும். உருளை கேட்டால் வராது. வந்தால் டீசல் இருக்காது. டீசல் இருந்தால் சாரதிக்கு வீட்டில் கலியாணம். இப்படியிருக்க, சொந்தக் காசில் பெற்றோல் அடித்துக்கொண்டு, தலைக்கவசமும் முழங்கால் கவசமும் மாட்டிக்கொண்டு, ஒரு கூட்டம் இளந்தாரிகள் சனிக்கிழமைகளில் வந்து கட்டிலே ஏறி இறங்கினால் அது இலவச உருளை அல்லாமல் வேறென்ன? நீர்ப்பாசன வேலை மேற்பார்வையாளராகப் பாதி ஆயுளைக் கழித்தவனின் மூளையில் உதித்த யோசனை இது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே அவனைப் பிடித்துக் குளத்தில் தள்ளியிருப்பேன்.

முழங்கால் நோவைக் காரணம் காட்டி நான் முன்கூட்டியே ஓய்வு எடுத்துவிட்டேன். இப்போது என் கதிரையில் இருக்கும் தம்பி போன மாதம் வீட்டுக்கு வந்தார். வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும்கூடக் காட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்கள் வருகிறார்களாம். கூடாரம் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களும் வருகிறார்களாம். அவர்களுக்கும் புது ஊழியர்களுக்கும் சேர்த்து ஒரு சின்ன மலர் போடப் போகிறார்கள். “அண்ணை, நீங்கள் பகிடியாச் சொல்லுவியளே அந்த யானைக் கதை, அதை எழுதித் தாங்கோ” என்றார். சொல்லிச் சொல்லி எனக்கு வாய்ப்பாடமான கதை அது. எழுத உட்கார்ந்தபோதுதான், தேநீர்க் கடைகளில் நான் அதை எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுவது ஞாபகம் வந்தது. இம்முறை அங்கே நிறுத்தவில்லை.

நான் வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அளவு நாடா பிடித்தேன், சீமெந்துப் பைகளுக்குக் காவல் இருந்தேன், பெரியவர்கள் வந்தால் குடை பிடித்தேன். இடம்பெயர்ந்த காலத்தில் வேலையும் எங்களோடு இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது முள்ளியவளைக்குப் போகும் பாதையிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் வீரையடிக் குளத்தை என் பொறுப்பில் விட்டார்கள். இரணைமடுப் பெருங்குளத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது கோப்பையில் மிஞ்சிய தேநீர். ஆனாலும் அந்த மிச்சத் தேநீரை நம்பி ஒரு ஊர் வயல் செய்தது.

குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக்கு நேர் கீழே, வாய்க்காலோடு ஒட்டி முதலாவதாக இருந்தது செல்வமணியின் வயல். மலையகத்திலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு வந்தவள். கட்டுக் கசிவால் எப்போதும் சேறாகக் கிடந்ததென்று ஒருவரும் எடுக்காத துண்டை எடுத்து, வடிகால் வெட்டி, வரம்பு உயர்த்தி, வயலாக்கியவள் அவள்தான். குளத்துத் தண்ணீர் முதலில் அவளுக்கு வரும். குளத்தால் ஒரு பிழை நடந்தாலும் அது முதலில் அவளுக்குத்தான் வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பொறியியலாளரைக் கௌரி மிஸ் என்போம். கட்டில் ஏறும் முன் அவா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிடுவா. பக்திக்காக அல்ல. மண் எங்கே இளகியிருக்கிறது என்பது உள்ளங்காலுக்குத் தெரியும் என்று சொல்லுவா. சத்தம் போட்டதே இல்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சால்வைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நிற்பா. பதில் வரும்வரை துடைப்பா. அவா கண்ணாடி துடைக்கும் அந்த மௌனத்தை நிரப்பத்தான் நான் பொய் சொல்லப் பழகினேன்.

மழைக்குப் பிறகு கட்டுப் பார்க்கும் முறையை எனக்குச் சொல்லித் தந்ததும் அவாதான். முதலில் மேலே நடந்து வெடிப்புப் பார்க்க வேண்டும். பிறகு தண்ணீர்ப் பக்கத்தில் கல் சரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகக் கட்டின் அடிவாரத்தில் கசிவு நீர் ஓடும் வடிகாலுக்கு இறங்க வேண்டும். அதற்கென்று ஒரு பழைய ஜாம் போத்தல் என்னிடம் இருந்தது. கசிவு நீரை அதில் அள்ளி வெளிச்சத்துக்குப் பிடிக்க வேண்டும். தெளிவாக இருந்தால் கட்டுக்கு வியர்க்கிறது, அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம். கலங்கி இருந்தால் கட்டுக்குள் இருக்கும் மண் தண்ணீரோடு கரைந்து வருகிறது.

“கலங்கல் கண்டா ஓடாதேங்கோ. அந்தத் தண்ணியைப் பிடிச்சுக்கொண்டு மேல நடந்து, அது எங்க பிறக்குதெண்டு பாருங்கோ. அதைப் பாத்த பிறகு பயப்பிடுங்கோ.”

இதை அவா எனக்குச் சொன்னது ஒரு தடவை அல்ல. ஓம் மிஸ், ஓம் மிஸ் என்று தலையாட்டியதும் ஒரு தடவை அல்ல.

மோட்டார் சைக்கிள் பொடியன்களின் தலைவன் நிரூபன். வவுனியாவில் ஏதோ கொம்பனியில் வேலை, நல்ல பிள்ளை. முதல் நாளே என்னைத் தேடி வந்து, கட்டில் ஓடலாமா என்று கேட்டான். கேட்காமல் ஏறியிருந்தால் விரட்டியிருப்பேன். கேட்டதால் எனக்கு அதிகாரம் வந்துவிட்டது. கட்டு முனையில் வண்டிகளை மறிக்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டு, அதிகாரமாகக் கையசைத்து, போங்கோ என்றேன். மாலையில் அவர்கள் தங்கள் குப்பையை மட்டுமல்ல, அதற்கு முன் வந்தவர்கள் போட்ட போத்தல்களையும் பொறுக்கிப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பொலித்தீன் துண்டு மிஞ்சவில்லை. குப்பை போடாதவன் இயற்கைக்குக் கெடுதல் செய்யமாட்டான் என்று அவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன். கட்டுச் சரிவில் புல் உரிந்து சிவப்பு மண் தெரிந்ததை ஒருவரும் குப்பை என்று எண்ணவில்லை.

அவர்கள் என்னை நடுவில் நிறுத்திப் படமெல்லாம் எடுத்தார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு படம். வீட்டில் காட்டியபோது மனைவி, இந்தத் தலைக்கு இவ்வளவு காவல் தேவையில்லை என்றாள்.

செல்வமணி மட்டும் வாய்க்கால் கரையில் நின்று கேட்பாள்: “என்னங்கய்யா, இன்னிக்கு உங்க ரேஸ் இல்லையா?” ரேஸ் இல்லை, இது கட்டை இறுக்கும் வேலை என்று நான் விளக்கம் சொன்னேன். அவள் கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் மிஸ் சொல்லாமல் வந்துவிட்டா. செருப்பைக் கழற்றினா, ஏறினா, கொஞ்ச தூரம் நடந்து நின்றா. மேலிருந்து அடிவாரம் வரை சில்லுத் தடம் ஒன்று வாய்க்கால் மாதிரி இறங்கிக் கிடந்தது. “இது என்ன?” என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினா.

துடைக்கத் தொடங்கினா.

“யானை மிஸ்” என்றேன்.

எங்கள் பக்கம் யானை இறங்குவது புதிதல்ல, அதனால் பொய் என் வாயிலிருந்து நம்பிக்கையோடுதான் வெளியே வந்தது. அவா குனிந்து தடத்தைப் பார்த்தா. கட்டை கட்டையாக டயர்ப் பூ அச்சு அப்படியே பதிந்திருந்தது.

“இந்த யானைக்கு டயர் போட்டிருக்கினம் போல” என்றா.

பிறகு தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து புல் இருந்த இடத்தில் கொஞ்சம் ஊற்றினா. தண்ணீர் புல்லுக்குள் பரவி நின்று மெல்ல மெல்ல இறங்கியது. மிச்சத்தைத் தடத்தில் ஊற்றினா. அது அம்பு மாதிரிக் கீழே ஓடியது, போகும்போது கொஞ்ச மண்ணையும் கூட்டிக்கொண்டு போனது. ஒரு போத்தல் தண்ணீர் செய்த வேலை அது. மழை என்ன செய்யும் என்று அவா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வெட்கம் குறைந்திருக்கும்.

நான் என் உருளைக் கணக்கை எடுத்து விட்டேன். அவா முழுதாகக் கேட்டா, சிரிக்கவில்லை. “உருளை மண்ணை எல்லா இடமும் ஒரே மாதிரி அமத்தும். சில்லு அப்பிடியில்லை, கிள்ளி எறியும். கட்டுக்குப் புல்லுத்தான் தோல், சிவம். நீங்கள் தோலை உரிக்க விட்டிருக்கிறியள்.” சங்கிலியைப் பூட்டி, தடங்களை நிரப்பி, புல் பதிக்கச் சொல்லிவிட்டுப் போனா.

இந்த இடத்தில் நான் நிரூபனுக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வசனம்: தம்பி, இனி இங்கே ஓட ஏலாது, கிரவல் றோட்டால் போங்கோ. ஆனால் தலைக்கவசப் படத்தில் நடுவில் நிற்கிற மனிதனால் அதை எப்படிச் சொல்வது? எனக்கு மதிப்புக் குறைந்துவிடுமே. அதனால், “மேலால வேண்டாம், மிஸ் ஏசுவா. கீழால, கட்டோரமாய் வடிகால் பக்கத்தால ஓடுங்கோ. அங்க புல்லும் இல்லை, ஒரு கெடுதியும் இல்லை” என்று சொன்னேன். மேலே இருந்த பிழையைத் தூக்கி அடிவாரத்தில் வைத்தேன். அதுவும் எங்கே? என் ஜாம் போத்தலை அமிழ்த்திப் பார்க்கிற அதே வடிகாலில்.

அந்த முறை தை மாதத்தில் பருவம் தப்பி மழை பிடித்தது. செல்வமணியின் நெல் முற்றித் தலை சாய்ந்து, வெட்டு மெசினுக்காகக் காத்து நின்றது. மெசின்காரர் ஈரம் கொஞ்சம் காயட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தார். வயல் இன்னும் தாக்குப் பிடிக்கும், வெயில் வந்தால் போதும் என்று அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளம் நிரம்பி, மிச்சத் தண்ணீரை வெளியேற்றும் வான் பாய்ந்தது. வான் பாயும் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் கதைப்பதே கேட்காது.

மழை விட்ட காலையில் போத்தலைக் கொண்டு வடிகாலுக்கு இறங்கினேன். அள்ளினேன். வெளிச்சத்துக்குப் பிடித்தேன். பால் விட்ட தேநீர்.

இன்னொரு தடவை அள்ளினேன். இன்னும் சாயம் கூடிய தேநீர்.

அந்த நேரத்தில் எனக்குள் நடந்ததை மரியாதையாக எழுத வழியில்லை. மிஸ் சொன்னது ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. நட, மேல நட, எங்கே பிறக்குதெண்டு பார். ஆனால் மேலே நடந்தால் உடையப் போகிற கட்டின் கீழே நடக்க வேண்டும். போத்தலை வடிகால் கரையில் போட்டுவிட்டு நான் மற்றப் பக்கம் திரும்பி ஓடினேன்.

துருசுக்கு ஏறினேன். குளத்தில் தண்ணீர் குறைந்தால் கட்டுக்குப் பாரம் குறையும் என்பது படித்த பாடம். துருசை முழுதாகத் திறப்பதற்கு மிஸ்ஸின் உத்தரவு வேண்டும், கீழ் வயல்காரருக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்பதும் படித்த பாடம்தான். ஒரு பாடம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு சக்கரத்தை முட்ட முட்டத் திருகினேன். பிறகு ஊருக்குள் ஓடினேன். ஒரு செருப்பு வாய்க்காலில் போனது. மற்றதை ஏன் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கட்டு உடையுது என்று கத்த வாயைத் திறந்தால் முதலில் விக்கல்தான் வந்தது.

இரண்டாம் தடவை சத்தம் வந்தது.

வேறு ஊர் என்றால் ஏன், எப்படி, யார் சொன்னது என்று கேட்டிருப்பார்கள். எங்கள் சனம் கேட்கவில்லை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் காணிப் பத்திரமும் உள்ள பை எல்லா வீட்டிலும் கதவுக்குப் பின்னால் தொங்கியது. சண்டை முடிந்து இவ்வளவு காலம் போயும் அதை ஒருவரும் அலுமாரிக்குள் வைக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். நான் ஒழுங்கை முனைக்கு வருவதற்குள் பாதி ஊர் பையோடு றோட்டில் நின்றது. ஒரு கிழவர் உடுப்புப் பெட்டிக்கு மேலே பானையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார். முடிச்சுக் கச்சிதமாக இருந்தது. கை மறக்கவில்லை.

செல்வமணி தன் பையோடு பசுவையும் அவிழ்த்துக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு தடவை வயல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“எந்தப் பக்கங்கய்யா?” என்றாள்.

நான் செருப்புக் கையால் ஒரு பக்கமும் வெறுங்கையால் மற்றப் பக்கமும் காட்டினேன். அவள் இரண்டையும் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட மேட்டுக்குப் போவோம் என்று மற்றவர்களைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். ஊர் அவளுக்குப் பின்னால் போனது.

மிஸ்ஸுக்கு அழைப்பு எடுத்தேன். கட்டுப் போகுது மிஸ் என்று அழுதேன். எங்கே பிறக்குதெண்டு பார்த்தீங்களோ என்று கேட்டா. பார்க்கவில்லை என்றேன். தொலைபேசியில் கண்ணாடி துடைக்கும் சத்தம் கேட்காது, ஆனால் எனக்குக் கேட்டது. “சரி, வாறன்” என்றா. அந்தப் பேச்சில் துருசைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அது என் தலையிலேயே இல்லை.

அவா வந்து சேர வெயில் ஏறிவிட்டது. வாகனத்தைக் கட்டின் காட்டுப் பக்க முனையில் நிறுத்தச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு வடிகாலுக்குள் இறங்கினா. நான் பள்ளிக்கூட மேட்டிலிருந்து ஓடி வந்து பின்னால் இறங்கினேன், அதாவது மிகவும் பின்னால். கலங்கல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தோம். கட்டு வளைகிற இடத்தில் மருத மரங்கள் மறைத்து நிற்கும். அதைத் தாண்டினோம்.

வடிகாலுக்கு நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் அச்சுவரை புதைந்து கிடந்தது. ஒருவன் இயந்திரத்தை முறுக்குகிறான், பின் சில்லு சேற்றை வாரி வாரி எறிகிறது. மற்றவர்கள் தள்ளுகிறார்கள். தலை முதல் கால் வரை சேறாக இருந்த ஒரு உருவம் என்னைக் கண்டு பல்லைக் காட்டியது. பல்லை வைத்துத்தான் நிரூபன் என்று அடையாளம் கண்டேன்.

“அங்கிள், நல்ல நேரம் வந்தீங்கள். ஒரு கயிறு கிடைக்குமோ? விடிய வந்தனாங்கள், இன்னும் எடுக்க ஏலாமல் கிடக்கு.”

முந்தின நாள் அழைப்பு எடுத்து, மழையில் ஓட நல்லாயிருக்கும், வரலாமா என்று கேட்டிருந்தான். வாங்கோ என்று நானே சொல்லியிருந்தேன். மிஸ் அவர்களைத் தாண்டிப் போய், மேலே ஓடிவந்த கசிவு நீரை, வழியில் பொறுக்கிய என் ஜாம் போத்தலில் அள்ளி வெளிச்சத்துக்குப் பிடித்தா. கண்ணாடி மாதிரித் தெளிவு. போத்தலை என் கையில் தந்தா.

தேநீர்க் கடையில் கதையை நான் நிறுத்துவது இங்கேதான். கயிறு கேட்ட இடத்தில் எல்லாரும் மேசையில் தட்டிச் சிரிப்பார்கள்.

பொடியன்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நடந்தது தெரிந்ததும் நிரூபன் சேற்றோடே கரையில் இருந்துவிட்டான். “எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அங்கிள். நீங்கள் ஓம் எண்டபடியாத்தான் வந்தனாங்கள்” என்றான். குற்றம் சாட்டிய குரல் அல்ல அது. அதனால்தான் இன்றைக்கும் காதில் கிடக்கிறது. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் மண்வெட்டியும் கூடையுமாக வந்து தடங்களை நிரப்பினார்கள். வயல்காரரின் கமக்கார அமைப்புக் காட்டிய இடத்தில் புல் வெட்டி வந்து பதித்தார்கள். இப்போது அவர்கள் குளத்தைச் சுற்றிக் கிரவல் றோட்டால் மட்டும் போகிறார்கள், மழை ஈரத்தில் போவதில்லை. இனி வருகிறவர்களுக்கும் நான் சொல்வது அதுதான். குப்பை பொறுக்குவது நல்லது, ஆனால் சில்லும் சப்பாத்தும் விட்டுப் போவதைப் பையில் கட்டிக்கொண்டு போக முடியாது. புது ஊழியர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்களிடம் வந்து கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்லப் பழகுங்கள். கேளாமல் ஏறுகிறவனைவிடக் கேட்டுவிட்டு ஏறுகிறவனுக்கு அது மிகவும் தேவை.

இனி மிச்சம்.

மிஸ் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தா. சனத்துக்குத் திரும்பி வரச் சொல்லி ஆள் போயிருந்தது. அப்போது அவா தலையை நிமிர்த்தி, வாய்க்காலில் ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்டா. வான் பாயிற சத்தம் மிஸ் என்று சொல்லத் தொடங்கினேன். வான் மற்றப் பக்கம்.

துருசுக்கு ஓடினோம். இந்தத் தடவை நான்தான் முன்னால். சக்கரத்தைத் திருகி மூடினேன். காலையிலிருந்து திறந்து கிடந்தது அது. தண்ணீர் வாய்க்காலில் அடங்காமல் கரையை அறுத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குள் பாய்ந்திருந்தது. செல்வமணி வயலோரத்து வீட்டில் இருந்திருந்தால் சத்தத்தைக் கேட்டே ஓடி வந்திருப்பாள். என் கத்தல்தான் அவளைப் பள்ளிக்கூட மேட்டுக்கு அனுப்பியிருந்தது.

அவள் பசுவோடு திரும்பி வந்தாள். வரம்பு இருந்த இடத்தில் நின்றாள். முற்றிய நெல் முழுதும் படுத்து, மேலே வண்டல் மூடி, ஒரே சமமாக இருந்தது. நல்ல உருளை ஓடின மாதிரி.

“கட்டு ஒடையலீங்களா?” என்றாள்.

இல்லை என்றேன்.

“அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்துங்க வந்துச்சு?”

மிஸ் கண்ணாடியைக் கழற்றவில்லை. எனக்கு நிரப்புவதற்கு மௌனம் இருந்தது, அதற்குள் வைக்க யானை இருக்கவில்லை. நான் திறந்தது என்றேன். திறந்துவிட்டு மறந்துபோனேன் என்றேன். அவள் பசுவை வேலிக் கட்டையில் கட்டிவிட்டு, கையில் இருந்த பையைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் கொழுவினாள்.

வீரையடிக் குளத்தின் கட்டு அன்றைக்கு உடையவில்லை, இன்று வரைக்கும் உடையவில்லை. செல்வமணி அந்தப் போகம் நெல் வெட்டவில்லை.